வெள்ளை விஸ்கியும் என் மூக்கும்

ருசி அறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் எல்லோரும் சுற்றிவளைத்து என்னிடம் கேட்பது அதைத்தான். மெல்பேர்னில், டண்டினொங் வடிசாலையில் அத்தனை வருடம் விஸ்கியை முகர்ந்தும் ருசித்தும் சம்பளம் வாங்கிய நான் குடிக்கிறவள் அல்ல. வாயில் வைப்பேன், சுழற்றுவேன், வாளியில் துப்புவேன். ரோவிலில் எங்கள் தெருத் தமிழ்ச் சனத்திடம் "லாப் வேலை" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். உண்மை எப்படியோ வெளியே வந்துவிட்டது. கோயிலில் ஒரு அன்ரி என் கணவரைப் பிடித்து, "உங்கட மனிசி சாராயக் கொம்பனியிலயோ வேலை?" என்று கேட்டார். அவர் கொஞ்சமும் யோசிக்காமல், "ஓம். ஆனா அவவுக்குத் துப்பிறதுக்குத்தான் சம்பளம்" என்றார். அந்தப் பதிலை நானும் பிறகு பல இடங்களில் பாவித்திருக்கிறேன்.

இன்று சொல்லப்போவது பீப்பாயைக் காணாத வெள்ளை விஸ்கியைப் பற்றி. விஸ்கி என்று நான் வாய்ப்பேச்சுக்குத்தான் சொல்கிறேன். மரப்பீப்பாயில் இரண்டு வருடம் கிடக்காத சரக்குக்கு இந்த நாட்டில் அந்தப் பெயரைப் போத்தலில் ஒட்ட முடியாது. லேபிளில் "மோல்ட் ஸ்பிரிட்" என்று போடுவோம், எங்களுக்குள் வெள்ளை விஸ்கி என்போம். நிறமே கிடையாது, பார்த்தால் பச்சைத் தண்ணீர். பீப்பாயில் கிடந்த விஸ்கி கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டு வந்த பெண் என்றால், இது அதே பெண் விடிய எழும்பி முகம் கழுவ முதல். மரம் மூடிவிடும் குறைகள் எல்லாம் இதில் அப்படியே தெரியும். அதனால்தான் புதியவர்களை முதலில் இதில் உட்கார வைக்கிறார்கள்.

பக்குவமாக வடித்ததற்கு அதேயளவு தண்ணீர் விட்டு, கிளாசைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துத் திறந்தால், காய்ச்சிய பார்லிக் கஞ்சியும் பழுக்காத பெயர்ஸ் பழமும் மணக்கும். பிழைத்துப் போனால் சவர்க்காரம், நனைந்த மட்டைப்பெட்டி, கழுவாத சொக்ஸ் என்று ஏதாவது வரும். இதையெல்லாம் புத்தகத்தில் படிக்கலாம். படிக்க முடியாத ஒன்றை எனக்கு முன்பு அந்த அறைக்குப் பொறுப்பாக இருந்த மனுஷியிடம் பார்த்தேன். அறையில் எல்லோரும் ஒன்று சொல்லித் தான் மட்டும் வேறு சொன்னால் அவர் வாதாட மாட்டார், ஒத்துப்போகவும் மாட்டார். எழுந்து வெளியே போய்விடுவார். நான் அவரைச் சரியான கோபக்காரி என்று நினைத்திருந்தேன்.

அவர் போன பிறகு அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. நான் செய்த முதல் வேலை கதவில் ஒரு பலகை மாட்டியது. சென்ட் பூசக்கூடாது, சவரம் செய்தபின் பூசுவது கூடாது, கோப்பி கூடாது, கறிச் சாப்பாடு கூடாது, மணக்கும் கைக்கிரீம் கூடாது. கிடங்கைப் பார்த்துக்கொண்ட டோனி, "மூச்சு விடலாமா?" என்று கேட்டான். "சூயிங்கம் சாப்பிடாத மூச்சாக இருந்தால் விடலாம்" என்றேன். அந்த அளவுக்குக் கண்டிப்பு.

இனிக் கதைக்கு வருகிறேன். எங்கள் வடிசாலை சிறியது. வடிக்கிற வேலைக்கு மதுரையிலிருந்து கதிர் என்ற பொறியியலாளர் வந்திருந்தார். அமைதியான பிள்ளை, கொதிகலனோடுகூட மரியாதையாகப் பேசுவார். ஸ்பொன்சர் விசாவில் இருந்தார். மனைவி நர்சிங் படித்துக்கொண்டிருந்தார், அதுவும் இவருடைய விசாவில்தான் தொங்கியது. முதலாளி ஒளிவுமறைவு இல்லாத மனிதர். "நீ தனியாக வடிக்கும் முதல் வெள்ளை விஸ்கி குறையில்லாமல் சிட்னிக்குப் போனால் உன் நிரந்தர வதிவிடப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கிறேன். இல்லாவிட்டால் பழைய ஆளையே திருப்பிக் கூப்பிடுவேன்" என்று நேராகச் சொல்லிவிட்டார். சிட்னி லிட்கமில் இருக்கும் ஒரு மொத்த வியாபாரி, கதிர் வடித்து நிரப்பும் தாங்கி முழுவதையும் கேட்டிருந்தார். அவரிடம் வாங்குவது பார் வைத்திருப்பவர்கள்.

வடித்து முடிந்தது. ருசி பார்த்து நாங்கள் சரி என்றால் மதியத்துக்குப் பின் லொறி வரும். காலையில் அறையில் நாலு பேர் உட்கார்ந்தோம்: முதலாளி, டோனி, போத்தல் பகுதியைப் பார்க்கும் ஹெலன், நான். வடித்தவர் ருசி பார்க்க உட்காருவதில்லை. கதிர் வெளியே கார்கள் நிற்கும் இடத்தில், விளிம்புக் கல்லில் குந்தியிருந்தார்.

எங்கள் வழக்கம், பேசாமல் முகர்ந்து, பேசாமல் எழுதி, பிறகு வாசிப்பது. நான் முகர்ந்தேன். பார்லி இருந்தது, பெயர்ஸ் இருந்தது, வாயில் வைத்தாலும் சுத்தமாகத்தான் இருந்தது. கதிரை நினைத்து மனதுக்குள் சிரித்துக்கொண்டு "குறை இல்லை" என்று எழுதினேன்.

ஹெலன் வாசித்தார்: "அந்துருண்டை."

டோனி வாசித்தான்: "ஃபுட்டி கிளப்பில் உடுப்பு மாற்றுகிற அறை. காலுக்குத் தைலம் தேய்க்கிற நாற்றம்."

முதலாளி வாசித்தார்: "தளபாடக் கடை."

நான் வாசித்ததும் மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுடைய கிளாஸ்களை வாங்கி மறுபடி முகர்ந்தேன். எனக்கு ஒன்றும் இல்லை. பூக்காலம் என்பதால் மெல்பேர்னே மகரந்தத்தில் தும்மிக்கொண்டிருந்தது. அவர்களுக்குத்தான் மூக்கு அடைத்திருக்கிறது என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் ஒரு தும்மல்கூட இல்லாத டோனி எனக்கு முன்னாலேயே இருந்தான்.

முதலாளி கிளாசைத் தள்ளி வைத்தார். "பிழை வடித்ததில் இருந்தால் தாங்கி முழுவதையும் திருப்பிக் காய்ச்ச வேண்டும், சிட்னி ஓடர் போய்விடும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஆனால் இந்த அறையில் உன் மூக்குத்தான் பெரியது. நீ சுத்தம் என்று பொறுப்பெடுத்தால் அனுப்புகிறேன். எடுக்கிறாயா?" என்று கேட்டார்.

பிள்ளைகளே, எனக்கு அந்தக் கேள்வி இனித்தது என்பதை மறைக்க மாட்டேன். ஒரு சொல்லில் அந்தப் பிள்ளையின் குடும்பத்தைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் மூன்று பேருக்கு மணப்பது லிட்கமிலும் மணக்கும். போத்தல்கள் திரும்பி வந்தால் கதிரின் பெயரோடு வடிசாலையின் பெயரும் சேர்ந்து போகும். இல்லை என்றாலோ அவர் இப்போதே போனார். அப்போதுதான் அந்தக் கோபக்கார மனுஷியின் நினைப்பு வந்தது. "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனேன்.

கதிர் பதறி எழுந்தார். "மேடம், எப்படி இருக்கு?"

"இன்னும் முடியேல்ல. இரும் தம்பி" என்றேன். அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் முற்றத்துக் குழாயடிக்குப் போனேன். கண் உறுத்தியது. குளிர்ந்த தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தேன். கொஞ்ச நேரம் காற்றில் நின்றேன். பக்கத்துத் தொழிற்சாலையில் யாரோ டயர் கழற்றும் மணம், வேலிக்கு அப்பால் யூகலிப்டஸ் மணம் என்று ஒவ்வொன்றாக மூக்குக்கு வந்தது. பிறகு திரும்பிப் போய் ருசி அறைக் கதவைத் திறந்தேன்.

எங்கள் வீட்டுச் சாமி அறை.

சந்தேகமே இல்லை. சந்தனமும் கற்பூரமும். கதவைப் பிடித்தபடி கைக்குட்டையைப் பார்த்தேன், அதில் மஞ்சளாகச் சந்தனம். அன்று விஜயதசமி. காலையில் வீட்டில் படைத்து, கற்பூரம் காட்டி, நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு வேலைக்கு வந்திருந்தேன். டோனியின் சூயிங்கத்தைப் பிடித்த எனக்கு, மூக்குக்கு மேலே நானே ஒட்டி வைத்திருந்தது தெரியவில்லை. சந்தனத்தை நான் ஒருநாளும் வாசனைப் பொருளாக எண்ணியதில்லை. அது சாமிக்குரியது, அவ்வளவுதான். அந்தப் பலகையை எழுதும்போதுகூட அது நினைவுக்கு வரவில்லை.

சரி, என் நெற்றியில் சந்தனம் இருந்தது. அறைக்குள் எப்படி வந்தது? அதுவும் கற்பூரத்தோடு? மறுபடி வெளியே போனேன்.

"தம்பி, நேற்று ருசி அறைக்குள்ள என்ன செய்தனீர்?"

"ஒண்ணும் செய்யலையே மேடம்" என்றார் கதிர். பிறகு, "சாமி மட்டும் கும்பிட்டேன். ஆயுத பூஜைல்ல" என்றார்.

"எதை வைச்சுக் கும்பிட்டனீர்?"

"எல்லாத்தையும்தான். பாய்லருக்கு, டேங்குக்குப் பொட்டு வச்சேன். சாம்பிள் எடுக்கிற குழாய், கிளாஸெல்லாம் ரூம்ல டேபிள்ல அடுக்கிச் சந்தனம், குங்குமம் வச்சேன். காலைல சுத்தமா தண்ணில கழுவித் துடைச்சிட்டேன் மேடம், ஒரு பொட்டுகூட இல்ல."

"கற்பூரம் கொளுத்தினனீரோ?"

அவர் முகம் சிவந்தது. "ஐயோ, இல்ல மேடம். ஸ்பிரிட் இருக்கிற இடத்துல நெருப்பு வைப்பேனா? கொளுத்தாம தட்டுல வச்சே கும்பிட்டுட்டேன்."

"அந்தத் தட்டு இப்ப எங்க?"

"கிளாஸ் வைக்கிற அலமாரில. பத்திரமா இருக்கட்டும்னு ராத்திரி கிளாஸோட சேத்து உள்ள வச்சுப் பூட்டினேன். காலைல கிளாஸ எடுத்து வச்சதும் நான்தான்."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கொளுத்தியிருந்தால் கொஞ்ச நேரத்தில் எரிந்து முடிந்திருக்கும். கவனமான பிள்ளை என்பதால் கொளுத்தாமல் கிளாஸ்களோடு சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறார். திறந்து வைத்த கற்பூரம் என்ன ஆகும் என்பது எந்தத் தமிழ் வீட்டிலும் தெரியும். இரவு முழுக்கக் கரைந்து அத்தனை கிளாசிலும் ஏறியிருக்கிறது. சந்தனமும் கற்பூரமும் பச்சைத் தண்ணீரில் கழுவினால் போகாது, ஸ்பிரிட்டை ஊற்றியதும் வந்து நிற்கும். அலமாரியைத் திறந்தேன். தட்டில் கற்பூரக் கட்டிகள் தேய்ந்து சுண்டங்காய் அளவில் கிடந்தன.

இனி ஒரே கேள்விதான். கிளாசும் குழாயும் கெட்டன, தாங்கி கெட்டதா?

"தாங்கியில எங்க பொட்டு வைச்சனீர்?"

"வெளிப்பக்கம் மேடம். நெத்தில வைக்கிற மாதிரி முன்னாடி." அவர் குரல் இறங்கிவிட்டது. "மூடில ஒண்ணு வச்சேன். மேல. மூடியத் தொறக்கலை. சத்தியமா தொறக்கலை."

"நான் நம்பிறன். ஆனா என்ர நம்பிக்கை உதவாது" என்றேன்.

உள்ளே போய் முதலாளியிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, மாதிரி எடுத்த குழாயும் கிளாஸ்களும் கெட்டுவிட்டன, தாங்கியை வேறு கிளாசில் பார்க்க வேண்டும். இரண்டு, இன்று என் மூக்கைக் கணக்கில் எடுக்கக்கூடாது. அவருக்குக் கோபம் வந்தது. "உன் மூக்குக்குத்தானே இத்தனை வருடம் சம்பளம் தருகிறேன்?" என்றார். "இன்றைக்கு அது லீவு" என்றேன்.

கடைப்பகுதியில் விற்பனைக்கு வைத்திருந்த கிளாஸ் பெட்டி ஒன்றை ஹெலன் சீல் உடைத்துக் கொண்டு வந்தார். தாங்கியின் அடிக் குழாயைத் திறந்து முதலில் வந்ததை ஓடவிட்டு, பிறகு வந்ததை நேரே கிளாசில் பிடித்தேன். ருசி பார்ப்பதை வெளியே, காற்றில், ஒரு மரப்பலகை அடுக்கின் மேல் வைத்துக்கொண்டோம். புதுக் கிளாஸ்களுக்கு நடுவில் அலமாரிக் கிளாஸ் ஒன்றையும் வைத்தேன். என்னைச் சந்தோஷப்படுத்த யாரும் நல்லது என்று சொல்லிவிடக் கூடாது. நான் கலைத்து வைக்கும்வரை அவர்கள் மூவரும் வேலிப்பக்கம் திரும்பி நின்றார்கள். கதிர் தூரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏதோ முணுமுணுத்தார், தேவாரமோ கந்தசஷ்டியோ தெரியவில்லை.

டோனி முதலில் வந்தான். சாதாரணமாக அவன் ஒரு கிளாசை இரண்டு மூச்சில் முடித்துவிடுவான். அன்று ஒவ்வொன்றிலும் நின்றான். அலமாரிக் கிளாசுக்கு வந்ததும் மூக்கைச் சுளித்து, "இதுதான் ஃபுட்டி கிளப்" என்று அதை ஒதுக்கினான். மற்றவற்றைக் காட்டி, "இதெல்லாம் கஞ்சி. நல்ல கஞ்சி. கொஞ்சம் பெயர்ஸ்" என்றான்.

ஹெலன் அதே கிளாசை ஒதுக்கினார். முதலாளியும் அதே கிளாசை ஒதுக்கினார். ஒதுக்கியபின் மற்றதில் ஒன்றை மறுபடி எடுத்து, முகர்ந்து, வாயில் வைத்து, "இவ்வளவு சுத்தமாக நாங்கள் வடித்து வெகு காலம்" என்று மெதுவாகச் சொன்னார்.

அப்படியே அந்த மரப்பலகை அடுக்கின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். கதிருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும், ஆனாலும் என்னிடம் வந்து தமிழில் கேட்டார்: "நல்லா இருக்குன்னா சொன்னாரு?"

"ஓம் தம்பி. நல்லாயிருக்காம்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலாளி விடவில்லை. "அறையில் அதை வைத்தது யார்?" என்றார். நான் வாயைத் திறக்க முதலே கதிர், "நான்தான் சார்" என்றார். நான் என் கைக்குட்டையை விரித்துக் காட்டினேன். "பலகையில் இது இல்லை. அந்தப் பலகையை எழுதியவள் நான், இன்று இதைப் பூசிக்கொண்டு வந்தவளும் நான். இவரைக் கேட்பதென்றால் என்னையும் சேர்த்துக் கேளுங்கள்" என்றேன்.

முதலாளி சந்தனத்தைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். "இது எதற்கு?" என்று கதிரிடம் கேட்டார்.

வேலை செய்யும் சாமான்களுக்கு வருடத்தில் ஒருநாள் நன்றி சொல்வோம் என்று கதிர் விளக்கினார். முதலாளி தாடையைத் தடவினார். "ஃபோர்க்லிஃப்டுக்கும் சொன்னாயா?" என்று கேட்டார். எங்கள் ஃபோர்க்லிஃப்ட் வாரத்துக்கு ஒருமுறை படுத்துவிடும்.

"அதுக்கு நேரம் கிடைக்கலை சார்."

"அடுத்த வருடம் அதற்கு முதலில் சொல்லு. என் கிளாஸ்களுக்கு மட்டும் தூரத்தில் நின்று நன்றி சொன்னால் போதும்" என்று சொல்லிவிட்டு, பேனாவைத் தேடிக்கொண்டு தன் அறைக்குப் போனார். என்ன கையெழுத்துக்கு என்று யாரும் கேட்கவில்லை.

நீங்கள் இந்தத் தொழிலில் இருக்கும்வரை மூக்கைப் பழக்குங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். பழகிய மூக்குக்கு எது மணக்காமல் போகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு மணம் உங்களுக்குத் தெரியாது. உங்களில் சிலருக்கு அது வெங்காயத் தாளிப்பு, சிலருக்கு நாய், சிலருக்கு உடுப்புக்குப் போடும் சோப்புத்தூள். அதைக் கண்டுபிடிக்க அறையை விட்டு வெளியே போவது தவிர எனக்கு வேறு வழி தெரியாது.

மதியத்துக்குப் பின் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது. கதிர் விளிம்புக் கல்லில் அதே இடத்தில் உட்கார்ந்து மனைவிக்கு ஃபோன் செய்தார். "ஒண்ணுமில்லடி... கையெழுத்துப் போட்டுட்டாரு... அழாத, காலேஜ்ல இருக்கே, எல்லாரும் பாப்பாங்க" என்று அவர் சொல்வது எங்களுக்குக் கேட்டது. ஹெலன் எனக்குப் பின்னால் நின்று, என்ன சொல்கிறார் என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவரும் கண்ணைத் துடைத்தார், மகரந்தம் என்றார்.

மாதிரிக்கு எடுத்ததில் ஒரு போத்தல் மிஞ்சியிருந்தது. வெள்ளை விஸ்கியைக் கோலாவில் கலந்து கெடுக்காதீர்கள் என்று நான் பார்க்காரர்களிடம் சொல்வதுண்டு. அதற்கு வேண்டியது புளிப்பும் கொஞ்சம் உப்பும்தான். பூசைக்கென்று கதிர் வாங்கிய எலுமிச்சம்பழங்கள் பொட்டு வைக்காமல் காருக்குள் மிச்சம் கிடந்தன. டோனி அவற்றைப் பிழிந்து, சீனி, ஒரு சிட்டிகை உப்பு, ஐஸ் போட்டு எல்லோருக்கும் கலந்தான். எனக்கு மட்டும் வழக்கம்போல ஒன்றும் கலக்காமல், புதுக் கிளாசில், அதேயளவு தண்ணீர் விட்டுத் தந்தான்.

நான் முகத்தைச் சவர்க்காரம் போடாமல் இன்னொரு முறை கழுவிவிட்டு வந்து முகர்ந்தேன். கஞ்சி, பெயர்ஸ், அடியில் மெல்லிய வறுத்த கொட்டை மணம். காலையில் பாதிதான் எனக்குத் தெரிந்திருக்கிறது. வாயில் வைத்துச் சுழற்றினேன். கதிர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். டோனி பழக்கத்தில் வாளியைத் தூக்கி என் முன்னால் நீட்டினான்.

வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு, விழுங்கினேன்.